வண்டி ஏன் இழுக்கவில்லை?

பெங்களூரில் நிற்கும் ஒரு டீசல் காரில் சாவியை மட்டும் திருப்புங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முள் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால், இன்டேக் பிரஷர் என்ற வரியில் 91 கிலோபாஸ்கல் என்று காட்டும். அதே காரைச் சென்னையில் மெரினா பக்கம் நிறுத்திப் பார்த்தால் 101 காட்டும். சென்சாரில் கோளாறு ஏதுமில்லை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே இருக்கும் காற்று அந்த அளவுக்குக் குறைவு, அதனால் அழுத்தமும் பத்தில் ஒரு பங்கு குறைவு.

"பிக்கப் இல்ல", "வண்டி இழுக்கல", "லோடு எடுக்கல" என்று ஒரு டர்போ டீசல் வண்டி பட்டறைக்கு வரும்போது விசாரணை இந்தப் பத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இதைக் கணக்கில் எடுக்காதவர் நல்ல உதிரிபாகத்தைக் கெட்டது என்பார். கெட்டதை நல்லது என்று விட்டுவிடுவார்.

டீசல் எஞ்சினின் சக்திக்கு எல்லை போடுவது காற்று. டீசலை எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே பீய்ச்சலாம். எரிப்பதற்குக் காற்று வேண்டுமே. ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். மாருதி ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, டாடா விஸ்டா, ஃபியட்டின் சொந்த புன்ட்டோ என்று பல கம்பெனி வண்டிகளில் ஓடியதால் இந்தியாவின் தேசிய எஞ்சின் என்றே அதற்குப் பெயர் வந்தது. மொத்தம் 1248 சிசி, நான்கு சிலிண்டர், ஒன்றுக்கு 312 சிசி. 27 டிகிரி வெப்பத்தில் இந்த 312 சிசி இடத்தில் சென்னைக் காற்று சுமார் 367 மில்லிகிராம் அடங்கும். பெங்களூர்க் காற்று 330 மில்லிகிராம்தான். ஒரு பங்கு டீசலுக்கு 14.5 பங்கு காற்று இருந்தால் முழுதாக எரிந்துவிடும் என்கிறது வேதியியல். ஆனால் எரிய ஆரம்பித்தபின் டீசல் துளியும் காற்றும் கலப்பதற்கு எஞ்சினுக்குள் கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் மிகச் சிறிய துண்டு. அதனால் நடைமுறையில் 18 பங்குக்குக் கீழே போனாலே கரும்புகை தள்ளத் தொடங்கும். அந்தக் கணக்கில் டர்போ இல்லாத எஞ்சின் ஒரு சிலிண்டரில் ஒரு எரிப்புக்குச் சென்னையில் 20 மில்லிகிராம் டீசல் எரிக்கும், பெங்களூரில் 18.

டர்போ இந்தக் குறையை ஈடுகட்டுகிறது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே அனுப்பும் யோசனைக்கு 1905இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூச்சி காப்புரிமை பெற்றார். இன்றைய கார் டர்போவில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்.

எஞ்சினின் கணினி (இசியு என்பார்கள்) டர்போவிடம் கேட்பது வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்த முழு அழுத்தத்தை. உதாரணத்துக்கு 2.2 பார் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் 1.01 பார் காற்றை 2.2 ஆக்க டர்போ அதை ஏறக்குறைய 2.2 மடங்கு அமுக்கினால் போதும். பெங்களூரில் தொடக்கமே 0.91. அதே 2.2க்கு வர 2.4 மடங்கு அமுக்க வேண்டும், தண்டு இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் டர்போ இதைச் சத்தமில்லாமல் செய்துவிடும். ஓட்டுபவருக்கு ஊரின் உயரமே தெரியாது. டர்போவோ அதைச் சேர்ந்த குழாய்களோ கொஞ்சம் தளர்ந்தால் அந்த உபரிச் சக்திதான் முதலில் போகிறது. சேலத்திலிருந்து பெங்களூர் திரும்பும்போது தொப்பூர்க் கணவாயிலும், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறும்போதும், ஏழு பேரும் ஏசியுமாக மூன்றாவது கியரில் வண்டி திணறுவது அப்போதுதான்.

ஸ்கேனர் செயலிகளில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில செயலிகள் பூஸ்ட் அளவை, அதாவது வெளிக்காற்றுக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தத்தை, காட்ட சென்சார் சொல்லும் எண்ணிலிருந்து கடல் மட்டத்துக்கு உரிய 101ஐக் கழித்துவிடுகின்றன. பெங்களூரில் 191 கிலோபாஸ்கல் வந்தால் உண்மையான பூஸ்ட் சரியாக ஒரு பார். செயலி 0.9 என்று காட்டும். "டர்போ வீக் ஆயிடுச்சு சார்" என்று சொல்ல இந்த 0.1 போதும். செயலி கழித்துக் காட்டும் எண்ணை நம்பாமல், முழு அழுத்தத்தைப் படித்து, எஞ்சின் ஓடாதபோது காட்டிய 91ஐ நாமே கழிப்பதுதான் முறை.

உயரம் ஒரு பக்கம். இந்த ஊரின் நெரிசல் இன்னொரு பக்கம். 2019ஆம் ஆண்டுக்கான டாம்டாம் போக்குவரத்துக் குறியீட்டில் உலகிலேயே நெரிசல் மிகுந்த நகரமாக பெங்களூர் முதலிடம் பிடித்தது. சாலை காலியாக இருந்தால் ஆகும் நேரத்தைவிட இங்கே சராசரியாக 71 சதவீதம் கூடுதல் நேரம் ஆகிறது என்றது அந்தக் கணக்கு. டீசல் எஞ்சினுக்கு இது மெதுவான விஷம். சில்க் போர்டு சந்திப்பில் ஐடிலிங்கில் நின்று, பத்தடி நகர்ந்து, மறுபடி நிற்கும்போது சைலன்சர் பக்கம் போகும் புகை அவ்வளவாகச் சூடேறுவதில்லை. கரி எரிந்துபோக ஏறக்குறைய 600 டிகிரி வேண்டும். அந்தச் சூடு கிடைக்காததால் கரி போகும் வழியெல்லாம் படிகிறது. இஜிஆர் வால்வு, அதாவது மாசைக் குறைக்கப் புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் திருப்பிவிடும் வால்வு, மெது ஓட்டத்தில்தான் அதிகம் திறக்கிறது. அந்தப் புகையின் கரியும், எஞ்சின் மூச்சுக்குழாயிலிருந்து வரும் ஆயில் ஆவியும் சேர்ந்து இன்டேக் மேனிஃபோல்டின் உட்சுவரில் தார் மாதிரி அப்பிக்கொள்கின்றன. பழுது உருவாவது நகர நெரிசலில். வெளியே தெரிவது மலையேற்றத்தில். அதனால்தான் "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு" என்று வண்டிக்காரர் சொல்வதை முழுக்க நம்ப முடிவதில்லை. நேற்று வரை அவர் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும் வாய்ப்பே வந்திருக்காது.

எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் சில விஷயங்களைச் சட்டென்று தள்ளிவிடலாம். ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம்.

அடுத்து புகை. முழு ஆக்சிலரேட்டரில் கரும்புகை தள்ளினால், டீசல் வருகிறது, காற்று போதவில்லை. இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் ஒன்று டீசலே வரவில்லை, அல்லது இசியு தானாகவே டீசலைக் குறைத்துக்கொண்டது. நீலப்புகை ஆயில் எரிவதன் அடையாளம். ஸ்கேனர் இல்லாத காலத்து மெக்கானிக்குகள் பாதி பழுதை இதை வைத்தே பிரித்தார்கள், இன்றும் அது செல்லும்.

பிறகுதான் ஸ்கேனர். இந்தப் புகாரோடு வரும் வண்டிகளில் அடிக்கடி எழுந்து நிற்கும் குறியீடு பி 0299. கேட்ட பூஸ்ட் வரவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். டர்போ செத்துவிட்டது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் அதைப் படிக்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய் டர்போவை மாற்றிய பிறகும் வண்டி அதே மாதிரி நிற்கிறது. கடன் வாங்கி டாக்சி ஓட்டுபவருக்கு அந்தச் செலவு ஒரு மாதச் சம்பாத்தியத்துக்கு மேல். கிழிந்த ரப்பர் ஓஸ், தளர்ந்த கிளாம்ப், விரிசல் விட்ட இன்டர்கூலர் (அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் பெட்டி), திறந்தபடி சிக்கிய இஜிஆர், பொத்தலான வேக்கம் குழாய், கரி மூடிய பிரஷர் சென்சார், அடைத்த சைலன்சர், கடைசியில் டர்போ: இத்தனையும் அதே ஒரு குறியீட்டைத்தான் எழுப்பும். எது என்று பிரிக்க அளக்க வேண்டும்.

அளக்க எளிய வழி, ஓட்டத்தில் எடுக்கும் வரைபடம். காலியான சாலை, ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். மூன்றாவது கியர், 1,500 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தி 3,500 வரை விடாமல் போக வேண்டும். நான்கு கோடுகளைப் பதிவு செய்யுங்கள்: இசியு கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், கேட்ட ரெயில் பிரஷர், வந்த ரெயில் பிரஷர். ரெயில் என்பது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்த டீசல் குழாய்.

ரெயில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போக, பூஸ்ட் கோடு மட்டும் கீழே தொங்கினால் பழுது காற்றுப் பக்கம். பூஸ்ட் வந்துவிட்டது, ரெயில் பிரஷர் பாதி ஏற்றத்தில் சரிகிறது என்றால் டீசல் பக்கம். பலர் கவனிக்கத் தவறுவது மூன்றாவது நிலையை: வந்த கோடு கேட்ட கோட்டோடு அழகாக ஒட்டியிருக்கும், ஆனால் கேட்ட கோடே தாழ்ந்திருக்கும். அப்படியானால் எஞ்சின் கேட்டதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. இசியுதான் குறைவாகக் கேட்கிறது. ஏதோ ஒரு சென்சார் சொன்னதைக் கேட்டு அது தற்காப்பு நிலைக்கு, பட்டறை மொழியில் லிம்ப் மோடுக்கு, போயிருக்கிறது. அங்கே டர்போவைக் கழற்றினால் எதுவும் கிடைக்காது.

காற்றுப் பக்கம் என்று தெரிந்தால் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து மேனிஃபோல்டுக்கும் போகும் ஓஸ்களைக் கையால் தடவிக்கொண்டே வர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விரலுக்குத் தெரியும். ஓஸின் அடிப்பக்கம், வளைவின் உள்மடிப்பு, கிளாம்ப் கடித்த விளிம்பு ஆகிய மூன்று இடங்களிலும் ஆயில் கசிந்து தூசி ஒட்டிய கறுப்புத் தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கிழிசல் ஐடிலிங்கில் மூடியே இருக்கும். ஒரு பார் அழுத்தம் வந்ததும் வாய் பிளக்கும். அதனால் எஞ்சினை அணைத்துவிட்டு, டர்போவின் வாயை அடைத்து, கம்ப்ரசரிலிருந்து அளவான காற்றை ஏற்றி, பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பதுபோலச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள். நுரை எங்கே கிளம்புகிறதோ அங்கே கிழிசல். பெங்களூரின் உதிரிபாகச் சந்தையான ஜேசி ரோட்டில் அந்த ஓஸை வாங்க ஆகும் செலவு டர்போ விலையில் ஒரு சிறு துளி.

ஓஸ்கள் சரி என்றால் டர்போவின் கட்டுப்பாடு. பழைய ஸ்விஃப்டின் 75 குதிரைத்திறன் எஞ்சினில் இருப்பது எளிய டர்போ. அழுத்தம் கூடினால் வேஸ்ட்கேட் என்ற கதவு திறந்து புகையைப் பக்கவாட்டில் விட்டுவிடும். அதே எஞ்சினின் 90 குதிரைத்திறன் வடிவத்திலும் இன்று ஓடும் பல டீசல் வண்டிகளிலும் இருப்பது விஜிடி. புகை சுழற்றும் டர்பைன் சக்கரத்தைச் சுற்றி வட்டமாகச் சிறு இதழ்கள் நிற்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அவை நெருங்கி வழியைக் குறுக்கும். புகை சீறிப் பாய்ந்து சக்கரத்தை வேகமாகச் சுழற்றும். எஞ்சின் வேகம் கூடியதும் விரிந்து வழிவிடும். நகர நெரிசலின் கரி இந்த இதழ்களின் அடியில் படிந்து, அவற்றை நகர்த்தும் வளையத்தைப் பூட்டிவிடுகிறது.

இதழ்கள் எந்த நிலையில் சிக்கின என்பதை ஓட்டும்போதே சொல்லிவிடலாம். விரிந்த நிலையில் சிக்கினால் 2,000 ஆர்பிஎம் வரை வண்டி சவமாகக் கிடக்கும், அதற்குமேல் கொஞ்சம் உயிர் வரும். குறுகிய நிலையில் சிக்கினால் நேர்மாறு: ஆரம்பத்தில் அருமையாக இழுக்கும், பிறகு பூஸ்ட் எல்லை மீறி, இசியு பயந்து சட்டென்று சக்தியை வெட்டும். ஓரமாக நிறுத்திச் சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி ஒழுங்காகும், அடுத்த ஏற்றம் வரை. இந்த அணைத்துப் போட்டால் சரியாகும் கதையை வண்டிக்காரர் சொன்னால் குறித்துக்கொள்ள வேண்டும். அது விஜிடியின் கையெழுத்து.

ஆனாலும் இதழ்களைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் அவற்றை இழுக்கும் வேக்கத்தைப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் வட்டமான ஒரு டப்பாவுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு, வேக்கம் பம்ப் காற்றை உறிஞ்சும்போது ஒரு கம்பியை இழுக்கும். அந்தக் கம்பிதான் இதழ்களை நகர்த்துகிறது. எஞ்சின் சூட்டில் வெந்து நொறுங்கும் பென்சில் பருமன் ரப்பர் குழாய் ஒன்று இந்தப் பாதையில் இருக்கிறது. அதில் ஊசிமுனைப் பொத்தல் விழுந்தாலும் கம்பி முழுதாக நகராது. கையால் அழுத்தும் வேக்கம் பம்பை டப்பாவில் நேராக மாட்டி இழுத்தால் கம்பி வழுக்கிக்கொண்டு போக வேண்டும், பம்பின் மீட்டர் முள் இறங்காமல் நிற்க வேண்டும். முள் இறங்கினால் சவ்வு கிழிந்திருக்கிறது. முள் நிற்கிறது, கம்பி திக்கித் திக்கிப் போகிறது என்றால் இதழ்களில் கரி.

வேக்கம் அளக்கும்போதும் ஊரின் உயரம் குறுக்கே வரும். கடல் மட்டத்தில் வளிமண்டலத்தின் மொத்த அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். பெங்களூரில் சுமார் 683 மட்டுமே. எவ்வளவு நல்ல பம்பும் இருக்கிற காற்றுக்கு மேல் உறிஞ்ச முடியாது. கடல் மட்டத்துக்கு எழுதிய கையேட்டில் 700 வர வேண்டும் என்று போட்டிருந்தால், இந்த ஊரில் எந்தப் பம்பாலும் அதைத் தர இயலாது. அதைப் பார்த்து வேக்கம் பம்பை மாற்றச் சொல்பவர் வளிமண்டலத்தை மாற்றச் சொல்கிறார்.

டீசல் பக்கத்துக்கு வருவோம். பெங்களூருக்கும் டீசல் இன்ஜெக்ஷனுக்கும் பழைய உறவு. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் கூட்டோடு 1951இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, சுருக்கமாக மைக்கோ, ஆடுகோடியில் இன்ஜெக்ஷன் பம்புகளைத் தயாரித்தது. லாரிப் பட்டறைகளில் டீசல் பம்புக்கே மைக்கோ பம்ப் என்று பேர். கம்பெனி 2008இல் பாஷ் லிமிடெட் ஆனது. மைக்கோ லேஅவுட் என்ற பேர் ஊரில் நிலைத்துவிட்டது. பழைய டர்போ லாரிகளின் பம்ப் மேல் ஒரு சவ்வுப் பெட்டி உட்கார்ந்திருக்கும். மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அதற்குப் பூஸ்டைக் கொண்டுவரும். பூஸ்ட் வந்தால்தான் பம்ப் முழு டீசலைக் கொடுக்கும். அந்தக் குழாய் உடைந்தாலோ சவ்வு கிழிந்தாலோ டர்போ என்னதான் ஊதினாலும் லாரி லோடு எடுக்காது, புகையும் வராது. அனுபவமுள்ள லாரி மெக்கானிக் முதலில் கை வைக்கும் இடம் அது.

இன்றைய காமன் ரெயில் வண்டிகளில் ஐடிலிங்கில் 300 பார் அளவில் இருக்கும் ரெயில் பிரஷர், முழு லோடில் 1,600 பார் வரை ஏறுகிறது. ஏற்றத்தில் இது சரிந்தால் முதலில் டீசல் ஃபில்டர். அடைத்த ஃபில்டர் மெது ஓட்டத்துக்குத் தேவையான டீசலை விடும், ஏற்றத்துக்குத் தேவையானதை விடாது. ஃபில்டர் புதிது என்றால், ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிப் பாட்டிலில் விட்டு எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட வேண்டும். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைவிட மளமளவென்று நிரம்பினால் அந்த இன்ஜெக்டர்தான் பிரஷரைத் தின்கிறது. நான்கையும் மாற்ற வேண்டிய அவசியமில்லை. ஒரு எச்சரிக்கை: எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் பழைய பழக்கம் இங்கே கூடவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிய புள்ளியாகத் தெரியும், விரலையே இழக்க நேரலாம்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 மாசு விதி வந்தபிறகு டீசல் கார்களில் புகைக் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டியும் சேர்ந்தது. கரி நிறைந்ததும் இசியு கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சி, புகையை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி அதை எரிக்கும். அதற்குச் சீரான வேகத்தில் 15, 20 நிமிட ஓட்டம் வேண்டும். பெங்களூர் நெரிசலில் கோரமங்களாவுக்கும் மாரத்தஹள்ளிக்கும் இடையே தினம் ஓடும் வண்டிக்கு அது வாய்ப்பதில்லை. வேலை பாதியில் நின்றுபோகும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் காரணம் பெரும்பாலும் இதுதான். அடைத்த டிபிஎஃப் புகைக்கு முட்டுக்கட்டை போடுவதால் டர்பைன் சுழலாது, பூஸ்ட் வராது, மறுபடி அதே பி 0299. வடிகட்டியின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஸ்கேனரில் பார்த்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும். டிபிஎஃப்பை வெட்டி எடுத்துவிட்டு மென்பொருளை மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. அதை நான் பழுது நீக்கம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். வண்டி இழுக்கும், அது பிடித்துவைத்திருக்க வேண்டிய கரியைப் பின்னால் நிற்கும் ஸ்கூட்டர்காரர் சுவாசிப்பார்.

இவ்வளவும் பார்த்து, எல்லாம் சரி என்றால்தான் டர்போ. காற்றுக் குழாயைக் கழற்றி, எஞ்சின் ஆறிய பின், சக்கரத்தின் நட்டை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம். ஆயில் படலத்துக்கு விட்ட இடம் அது. முன்னும் பின்னும் நகர்வது கைக்குத் தெரிந்தால், அல்லது அந்தச் சக்கரத்தின் இதழ் முனைகள் வெளிக்கூட்டை உரசிய பளபளப்பு இருந்தால், டர்போ முடிந்தது. மாற்றத்தான் வேண்டும். ஆனால் தண்டு தானாகத் தேயாது. ஆயில் வரும் மெல்லிய குழாய்க்குள் கருகிய ஆயில் அடைத்திருக்கும், அல்லது ஏர் ஃபில்டர் பெட்டி சரியாக மூடாமல் தூசி உள்ளே போயிருக்கும். அந்தக் குழாயையும் அதன் போல்ட்டையும் மாற்றாமல் புதிய டர்போவை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். மாட்டும்போது தாங்கியின் ஆயில் துளைக்குள் சுத்தமான ஆயிலைக் கையால் ஊற்ற வேண்டும். இன்ஜெக்டர்களின் மின் இணைப்பைப் பிரித்துவிட்டு, டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். அதன் பிறகே இணைப்பைக் கொடுத்து ஸ்டார்ட் செய்து, சில நிமிடம் ஐடிலிங்கிலேயே விட வேண்டும்.